வாளியில் வந்த ஆமை

1/
கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. ஒரு டீ போட்டுக்கிட்டு வந்து படிங்க. வழக்கமா சுகர், பிபி, டெங்குன்னு எழுதுவேன். இன்னைக்கு ஒரு ஆமையைப் பத்தி எழுதுறேன். அதுக்குள்ள ஒளிஞ்சு ஊர் விட்டு ஊர் வர்ற புழுக்களைப் பத்தி. கூடவே நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி.

2/
வாரத்துக்கு ரெண்டு நாள் சுண்ணாம்புக்குளம் பக்கம் நோயாளிகளைப் பார்க்கிறேன். கும்மிடிப்பூண்டி தாலுகா, பழவேற்காடு ஏரியோட மேற்குக் கரை. ஆந்திர எல்லை பக்கத்திலேயே. வர்றவங்கள்ல பாதிப் பேர் மீனவக் குடும்பம். மீதியில் நிறைய இருளர் குடும்பங்கள். வலை, படகு எதுவும் இல்லாம, இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்து சேத்தைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவங்க. பிடிச்ச இறாலைப் போடுற பறியை வாயில கவ்விக்கிட்டு வேலை செய்வாங்க.

3/
போன மழைக்கு முன்னாடி அப்படி ஒரு ஆயா, நாலு வயசுப் பேரனைத் தூக்கிட்டு வந்தாங்க. மூணு நாளா காய்ச்சல், வயித்துப்போக்கு. அன்னைக்குக் காலையில மலத்துல லேசா ரத்தம். பையன் கண்ணு உள்ள போயிருந்துச்சு. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் இறங்குது. நீர்ச்சத்து நல்லா வத்திப்போச்சு. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி டிரிப்ஸ் ஏத்தினோம். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான்.

4/
ரத்தம் கலந்த வயித்துப்போக்குன்னா நாங்க கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் ஒண்ணுதான். தண்ணி எங்க பிடிக்கிறீங்க? கடையில என்ன சாப்பிட்டான்? வீட்ல வேற யாருக்காவது இருக்கா? கடைசியா, பெரும்பாலும் கடமைக்குக் கேட்கிற ஒரு கேள்வி: வீட்ல கோழி, ஆடு, நாய் ஏதாவது?

ஆயா சொன்னாங்க: "ஒரு ஆமை இருக்கும்மா. இவன்தான் சோறு போடுவான். ராத்திரி பக்கத்துலயே டப்பை வச்சுக்கிட்டுத் தூங்குவான்."

5/
இருளர் வீட்ல ஆமை இருக்கிறது எனக்கு ஆச்சரியமா இல்லை. ஆனா ஆயா அடுத்துச் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வச்சது.

"இது நம்ம ஊரு ஆமை இல்லம்மா. பாலாமைன்னா ஓடு மெத்துன்னு இருக்கும். காராமைன்னா கறுப்பா இருக்கும். இது ரெண்டும் இல்ல. கண்ணுக்குப் பின்னால குங்குமம் வச்ச மாதிரி இருக்குது. நானும் இத்தினி வருஷமா தண்ணியில கிடக்குறேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல."

6/
அடுத்த முறை வாளியில எடுத்துட்டு வந்தாங்க. பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. சிவப்புக்காது ஆமை. ரெட் இயர்டு ஸ்லைடர். சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். கழுத்துல மஞ்சள் கோடு, கண்ணுக்குப் பின்னால ஆயா சொன்ன அதே குங்குமத் தீற்றல்.

இதோட சொந்த ஊர் அமெரிக்கா, மிசிசிப்பி ஆத்துப் பக்கம். ஆயாவுக்குக் கிடைச்சது ஊர் ஏரியோட கலங்கல் பக்கத்துல.

7/
எனக்கு எப்படிப் பார்த்ததும் தெரிஞ்சுது? புத்தகத்துல படிச்சு இல்லை. எங்க வீட்ல ஒண்ணு வளர்ந்துச்சு.

மகளுக்கு அஞ்சு வயசு. பிறந்தநாளுக்கு மீன் தொட்டி வாங்கப் போனோம். கடையில ஒரு தட்டுல தண்ணி ஊத்தி, அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்குப் பச்சைப் பச்சையா குட்டி ஆமைகள். "இதுக்கு மேல வளராது மேடம்"னு கடைக்காரர் சொன்னார். ஒண்ணு வாங்கினோம்.

8/
எங்க மாமியார் அன்னைக்கே சொன்னாங்க. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது." படிச்ச மருமகள் நான் சிரிச்சேன். மூடநம்பிக்கைன்னு சொன்னேன்.

வளராதுன்னு சொன்ன ஆமை நாலு வருஷத்துல உள்ளங்கையைத் தாண்டிப்போச்சு. தண்ணியைத் தினமும் மாத்தலைன்னா வீடே நாறும். ஒருநாள் மகளோட விரலைக் கடிச்சிருச்சு. அதுக்கப்புறம் யாரும் அது பக்கம் போகலை.

9/
ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வச்சு எடுத்துட்டு வந்தேன். நான் வேலை பார்க்கிற ஊர்ப் பக்கம்தான் நிறைய ஏரி, குளம் இருக்கே. "பாவம், சுதந்திரமா இருக்கட்டும்"னு ஒரு ஏரியில விட்டேன். மகள் டாட்டா காட்டினா. போட்டோகூட எடுத்தோம். புண்ணியம் செஞ்ச திருப்தியோட வீட்டுக்கு வந்தோம்.

ஆயா கொண்டு வந்தது அதே ஆமையான்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா வாளியைப் பார்த்தப்போ எனக்குத் தொண்டை அடைச்சுது.

10/
சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆமை எப்படி உலகம் முழுக்கப் போச்சு?

அமெரிக்காவுல பண்ணையில கோழிக்குஞ்சு மாதிரி பொரிக்கிறாங்க. 1989க்கும் 1997க்கும் நடுவுல மட்டும் 5 கோடிக்கும் மேல ஏற்றுமதி ஆகியிருக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 1997ல இறக்குமதியைத் தடை பண்ணுச்சு. உலகத்தோட மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியல்ல இதுக்கு ஒரு இடம் உண்டு. நம்ம ஊர்ல ரொம்பக் காலமா மீன் கடையில வாங்கக் கிடைச்சுது.

11/
டாக்டர்களுக்கு இந்த ஆமையோட முதல் பரிச்சயம் சால்மோனெல்லா. டைபாய்டு கிருமியோட உறவுக்காரக் கிருமிகள். ஆமை, ஓணான், பாம்பு மாதிரி ஊர்வன வயித்துல அதுபாட்டுக்கு இருக்கும். விலங்குக்கு எந்த நோயும் இருக்காது. பளபளன்னு ஆரோக்கியமா இருக்கும். ஆனா அதோட எச்சம் கலந்த தண்ணியில கை விட்டுட்டு வாயில வச்சா, நமக்கு வயித்துப்போக்கு. சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்துல பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

12/
அமெரிக்காவுல 1975ல ஒரு சட்டம் வந்துச்சு. ஓடு 4 அங்குலத்துக்கும் குறைவான குட்டி ஆமைகளை வளர்ப்புக்கு விற்கக்கூடாது. ஏன் 4 அங்குலம்? அதுக்கும் சின்னதா இருந்தா குழந்தைங்க எடுத்து வாயில வச்சுக்கும். அவ்வளவுதான் காரணம். இந்தத் தடையால வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் நோயிலிருந்து தப்பிச்சதா அப்போ கணக்குப் போட்டாங்க.

நம்ம கடையில விற்கிறது எந்த அளவு? நாணயம் அளவு.

13/
பேரனுக்கு வந்தது ஆமையாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த அவசரத்துல மலப் பரிசோதனைக்கு கல்ச்சர் அனுப்பலை. ஆனா சோறு போட்ட கையாலேயே சாப்பிட்ட நாலு வயசுப் பையன், பக்கத்துல ஆமை டப்பு. சந்தேகப்படாம இருக்க முடியலை.

இதுவரைக்கும் சொன்னது பாக்டீரியா. இனிமேதான் ஒட்டுண்ணி.

14/
பழவேற்காட்டுக்காரங்களுக்கு அந்நிய உயிரினம்னா என்னன்னு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. காக்கா ஆழின்னு ஒரு சொல் போதும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வகை மட்டி. எண்ணூர் பக்கம் பரவி, இப்போ பழவேற்காட்டுச் சேத்துமேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்து கிடக்கு. இறால் சேத்துக்குள்ள புதைய இடம் இல்லை. கையால தடவுறவங்களுக்கு விரல் கிழியுது. கப்பல் அடித்தண்ணியில வந்திருக்கும்னு சொல்றாங்க.

15/
காக்கா ஆழியைக் கண்ணால பார்க்கலாம். சிவப்புக்காது ஆமையையும் பார்க்கலாம். அதுக்குள்ள இருக்கிற புழுவைப் பார்க்க முடியாது. ஒரு உயிரைக் கொண்டு வந்து விடும்போது நாம ஒண்ணைத்தான் விடுறதா நினைக்கிறோம். அதோட குடல்ல, நுரையீரல்ல, ரத்தத்துல, தோல்ல எத்தனை வாடகைக்காரங்க இருக்காங்கன்னு யார் எண்ணினா?

16/
ஸ்பெயின்ல நடந்தது ஒண்ணு சொல்றேன். வடமேற்குல கலீசியான்னு ஒரு பகுதி. அங்கே ஊர்க் குளத்து ஆமைகள் நோய்வாய்ப்பட்டுச் செத்துச்சு. அறுத்துப் பார்த்தா ரத்தக் குழாய்க்குள்ள தட்டைப்புழு. அந்தப் புழு வட அமெரிக்க ஆமைகளோட புழு. வளர்ப்புக்காக வந்த அமெரிக்க ஆமைகள்கிட்ட இருந்து தாவியிருக்கணும்னு 2015ல ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. தெற்கு பிரான்ஸ்லயும் ஸ்பெயின்லயும் வேற ஒரு வகை அமெரிக்க ஆமைப்புழு ஊர் ஆமைகளுக்குள்ள குடியேறினதும் பதிவாகியிருக்கு.

17/
அந்த ரத்தப்புழு நேரா ஆமைக்கு ஆமை தொத்தாது. ஆமையோட எச்சத்துல முட்டை வெளியே வரும். தண்ணியில பொரிஞ்சு, ஒரு நத்தைக்குள்ள போகும். அங்கே பெருகி, திரும்பத் தண்ணிக்கு வந்து, அடுத்த ஆமையோட தோலைத் துளைச்சு உள்ளே போகும். எல்லா நத்தையும் அதுக்கு ஒத்துவராது. ஆனா ஒத்துவர்ற ஒரு நத்தை கிடைச்சாப் போதும், அந்தக் குளத்துல அதுக்கு நிரந்தர ரேஷன் கார்டு கிடைச்ச மாதிரி. அதுக்கப்புறம் வந்த ஆமையைப் பிடிச்சுட்டாலும் புழு போகாது.

18/
"அந்த அமெரிக்க ஆமை மட்டும் ஏன் சாகலை?"ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி.

பல லட்சம் வருஷமா சேர்ந்து வாழ்ந்த ஒட்டுண்ணியும் விலங்கும் ஒருவிதமா பழகிப்போயிருக்கும். வீட்டுக்காரரைக் கொன்னா வாடகைக்காரருக்கும் வீடு இல்லை. ஆனா புதுசா சந்திக்கிற விலங்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதோட எதிர்ப்பு சக்திக்கு இந்தப் புழு யாருன்னே தெரியாது. சண்டை ஒருதலைப்பட்சமா முடியும்.

19/
இதை ஆயாகிட்ட சொல்லும்போது பாம்புக் கதையும் சொன்னேன். அது அவங்களுக்கு நெருக்கமான கதை. உங்களுக்கும் சொல்லணும். ஏன்னா அதுல நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ரெண்டு பேர் வர்றாங்க.

20/
அமெரிக்காவோட தெற்கு மூலையில ஃபுளோரிடா. அங்கே எவர்கிளேட்ஸ்னு ஒரு பிரம்மாண்டமான சதுப்பு நிலம். தென்கிழக்கு ஆசியாவுல பிறந்த பர்மிய மலைப்பாம்பு வளர்ப்புப் பிராணியா அங்கே போச்சு. வாங்கும்போது முழங்கை நீளம். வளர்ந்தா 15 அடி. வளர்க்க முடியாதவங்க கொண்டுபோய் விட்டாங்க, சிலது தப்பிச்சுது. 2000 வாக்குல அது அங்கேயே முட்டை போட்டுப் பெருகுற கூட்டம்னு உறுதியாச்சு.

(நான் ஏரியில விட்ட மாதிரிதான். பாவம்னு.)

21/
விளைவு? 2012ல வந்த ஒரு ஆய்வு. சாலையில எத்தனை விலங்கு கண்ணுல படுதுன்னு பழைய கணக்கோட ஒப்பிட்டாங்க. ரக்கூன் 99 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. ஒப்போஸமும் கிட்டத்தட்ட அதே அளவு. முயல்கள் கண்ணுலயே படலை. அதே வருஷம் அமெரிக்கா அந்தப் பாம்பு இறக்குமதியைத் தடை பண்ணுச்சு. குதிரை ஓடிப்போன பிறகு லாயத்தைப் பூட்டின கதை.

22/
அப்போதான் நம்ம ஆட்களைக் கூப்பிட்டாங்க. 2017 ஜனவரியில மாசி சடையன், வடிவேல் கோபால்னு ரெண்டு இருளர்கள் ஃபுளோரிடா போனாங்க. ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அங்கத்த வனவிலங்குத் துறையும் கூட்டிட்டுப் போச்சு. அங்கத்த ஆட்கள் ஜீப்ல, சாலையோரமா தேடிட்டு இருந்தாங்க. இவங்க இறங்கி நடந்தாங்க. புல்லு மடிஞ்சிருக்கிறதை, சேத்துல வழிஞ்ச தடத்தை, எச்சத்தைப் பார்த்தாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள 13 மலைப்பாம்பு. அதுல ஒண்ணு 16 அடிப் பெண் பாம்பு.

23/
1976ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தப்போ பிழைப்பு போன சமூகம் இது. 1978ல ரோமுலஸ் விட்டேகரோட சேர்ந்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. மாமல்லபுரம் பக்கத்துல வடநெம்மேலி. பாம்புக்கடிக்கு நாங்க ஏத்துற விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்துல பெரும்பங்கு அவங்க எடுத்துக் கொடுக்கிறது. நான் காப்பாத்தின ஒவ்வொரு பாம்புக்கடி நோயாளிக்குப் பின்னாலயும் ஒரு இருளர் கை இருக்கு. சடையனுக்கும் கோபாலுக்கும் 2023ல பத்மஸ்ரீ கிடைச்சுது.

"டிவில பார்த்தேம்மா"ன்னாங்க ஆயா. முகம் மலர்ந்துச்சு.

24/
ஆனா இந்தக் கதையோட ரெண்டாம் பாதி டிவில வரலை.

மலைப்பாம்போட நுரையீரல்ல ஒரு ஒட்டுண்ணி இருந்துச்சு. ரெய்லியெட்டியெல்லா ஓரியன்டாலிஸ். பேர் வாயில நுழையலைன்னா விட்டுடுங்க, நாக்குப்புழுன்னு வச்சுக்குவோம். ஆசியப் பாம்புகளோட ஒட்டுண்ணி. பாம்போட ஓசிப் பயணத்துல அதுவும் ஃபுளோரிடாவுல இறங்கிருச்சு. இப்போ அங்கத்த சொந்தப் பாம்புகள் பத்துக்கும் மேற்பட்ட இனங்களோட நுரையீரல்ல இருக்கு.

25/
பேருதான் புழு. உண்மையில அது புழுவே இல்லை. இறால், நண்டு இருக்கிற ஓட்டுடலி வகையைச் சேர்ந்தது. மீன் மேல ஒட்டி ரத்தம் குடிக்கிற மீன்பேனுக்கு நெருங்கிய சொந்தம். கால், ஓடு எல்லாத்தையும் பரிணாமத்துல தொலைச்சுட்டு, கொக்கி மட்டும் மிச்சம் வச்சுக்கிட்ட ஒரு ஜீவன். இதைச் சொன்னதும் ஆயா நம்பலை. "இறாலுக்குச் சொந்தமா? பாம்பு நெஞ்சுக்குள்ளயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

26/
அது பரவுற வழியைப் பாருங்க. பாம்போட எச்சத்துல முட்டை. அதைக் கரப்பான்பூச்சி தின்னும். கரப்பானைத் தவளையோ பல்லியோ ஓணானோ தின்னும். அதைப் பாம்பு தின்னும். பாம்போட நுரையீரலுக்குப் போய் கொக்கியால கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்கும்.

கரப்பான், தவளை, பல்லி. இந்த மூணும் இல்லாத ஊர் எது? அதனாலதான் மலைப்பாம்பு இன்னும் போய்ச் சேராத வடக்கு மாவட்டங்களுக்குக்கூட இந்த ஒட்டுண்ணி போய்ச் சேர்ந்துருச்சு. கொண்டு வந்த வண்டி நின்னுபோச்சு, சரக்கு மட்டும் ஓடிட்டே இருக்கு.

27/
அங்கே பிக்மி விரியன்னு ஒரு சின்னப் பாம்பு. கையளவு உடம்பு. அதுக்குள்ள இந்தப் புழு மலைப்பாம்புக்குள்ள இருக்கிறதைவிடப் பெரிசா வளருது. நுரையீரலும் மூச்சுக்குழாயும் அடைச்சுச் செத்த பாம்புகளை எடுத்துப் பார்த்திருக்காங்க. நான் முன்னாடி சொன்ன அதே கணக்குதான். பழகின வீட்ல அடக்கமா இருந்தது, புது வீட்ல ஆட்டம் போடுது.

28/
"மனுஷங்களுக்கு வருமா டாக்டர்?" இந்தக் கேள்விக்காகத்தானே இவ்வளவு நேரம் படிச்சீங்க.

நாக்குப்புழுவுல வேற சில வகைகள் மனுஷருக்கு வரும். ஆப்பிரிக்க மலைப்பாம்பு, விரியன்கள்ல இருக்கிற ஆர்மிலிஃபர் முக்கியமான ஒண்ணு. பாம்புக் கறியைச் சரியா வேகவைக்காம சாப்பிட்டாலோ, பாம்பைக் கையாண்ட கையை வாயில வச்சாலோ, எச்சம் கலந்த தண்ணியைக் குடிச்சாலோ முட்டை உள்ளே போகும். மலேசியாவோட பழங்குடி மக்கள்கிட்ட பிரேதப் பரிசோதனையில இதே இனத்தோட ஆசிய வகையை அடிக்கடி பார்த்திருக்காங்க.

29/
பெரும்பாலானவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. குட்டிப்புழு உடம்புக்குள்ள செத்து, சுண்ணாம்பு படிஞ்சு, எக்ஸ்ரேயில வளைஞ்ச பிறை மாதிரி தெரியும். வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போது கண்டுபிடிப்பாங்க. அரிதா கண்ணுக்குள்ளயோ வயித்துக்குள்ளயோ போய்ச் சிக்கலாகும். வளர்ப்புப் பாம்பால ஒருத்தருக்கு இது வர்றது ரொம்ப அபூர்வம். பயப்பட வேண்டாம். ஆனா எக்ஸ்ரேயைப் பார்க்கிற டாக்டர்கிட்ட "வீட்ல பாம்பு வளர்க்கிறேன்"னு நீங்க சொன்னாத்தான் அவருக்கு அந்த யோசனையே வரும்.

30/
அடிக்கடி நடக்கிறது வேற. பாம்புப் பேன்னு சொல்ற ஒரு சின்ன உண்ணி, வளர்ப்புப் பாம்புகளோடவே உலகம் சுத்தினது. வீட்டுக்காரங்களையும் கடிக்கும். கையில, இடுப்புல அரிப்போட சிவப்புச் சிவப்பாத் தடிப்பு. சொறின்னு நினைச்சு மாசக்கணக்கா களிம்பு தடவிட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு, ஆடுமாடு வச்சிருக்கவங்க கவனிங்க. ஆப்பிரிக்க நில ஆமைகளோட வந்த உண்ணிகள்ல, ஆடுமாடுகளைக் கொல்லுற ஹார்ட்வாட்டர் நோய்க்கிருமி ஃபுளோரிடாவுல கண்டுபிடிக்கப்பட்டது. உடனே 2000ல சில ஆப்பிரிக்க ஆமை வகைகளோட இறக்குமதியையே அமெரிக்கா நிறுத்துச்சு. அழகுக்கு வளர்க்கிற ஆமையால மாட்டுத்தொழுவம் காலியாகலாம்.

31/
இதெல்லாம் அமெரிக்கா கதை, நமக்கென்னன்னு நினைச்சா, சென்னை விமான நிலையச் செய்திகளைத் தேடிப் பாருங்க. 2023 ஜனவரியில பாங்காக்கிலிருந்து வந்த, யாரும் எடுத்துக்காத பைகள்ல 45 பால் பைத்தான் குட்டிகள். அதே வருஷம் செப்டம்பர்ல பெங்களூருல பிடிபட்டது 55 பால் பைத்தான், 17 ராஜநாகம், செத்துக்கிடந்த 6 குரங்கு. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவோட பாம்பு. பாங்காக் வழியா, துணிப்பையில கட்டி, நம்ம ஊருக்கு.

32/
இப்போ யோசிங்க. முறைப்படி இறக்குமதின்னா தனிமைப்படுத்தல், பரிசோதனை, கால்நடை மருத்துவர் சான்றுன்னு ஏதாவது ஒரு வடிகட்டி இருக்கும். கடத்தல் பையில வர்றதுக்கு என்ன வடிகட்டி? ஒரே பையில ஆப்பிரிக்கப் பாம்பு, அமெரிக்கச் சோளப்பாம்பு, நம்ம நட்சத்திர ஆமைன்னு மூணு கண்டத்து உயிர்கள் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு வருது. ஒட்டுண்ணிகளுக்கு இதைவிட நல்ல சம்பந்தி விருந்து கிடைக்காது. பிடிபட்டது இவ்வளவு. பிடிபடாதது இன்ஸ்டாகிராம்ல தோள்மேல கிடக்கு.

33/
சட்டம் என்ன சொல்லுது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022ல திருத்தினாங்க. 2023 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. நான்காம் அட்டவணையில இருக்கிற வெளிநாட்டு உயிரினங்களை வச்சிருக்கவங்க பதிவு பண்ணணும்னு 2024 பிப்ரவரியில விதி வந்துச்சு. பரிவேஷ் தளத்துல பதியணும். அந்நிய ஊடுருவல் இனங்களைக் கட்டுப்படுத்தவும் அதே திருத்தம் மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுக்குது. நம்ம ஊர் நட்சத்திர ஆமை, பாலாமை இதையெல்லாம் வீட்ல வளர்க்கவே கூடாது. சிறைத்தண்டனை உண்டு.

34/
வீட்ல ஏற்கெனவே ஆமையோ ஓணானோ பாம்போ இருக்கவங்களுக்கு டாக்டரா நான் சொல்றது:

அஞ்சு வயசுக்குக் கீழே குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க, கீமோ எடுக்கிறவங்க இருக்கிற வீட்ல ஊர்வன வேண்டாம்.
தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, ஒவ்வொரு முறையும்.
தொட்டியைச் சமையலறை சிங்க்ல கழுவாதீங்க.
முத்தம் கொடுக்காதீங்க. சிரிக்காதீங்க, நிறையப் பேர் கொடுக்கிறாங்க.
வயித்துப்போக்கு, விடாத அரிப்பு, காய்ச்சல்னு டாக்டர்கிட்ட போனா, இப்படி ஒண்ணு வளர்க்கிறதைச் சொல்லுங்க.

35/
முக்கியமானது: வளர்க்க முடியலைன்னா ஏரி, குளம், கோயில் தெப்பம், காடு எங்கேயும் விடாதீங்க. விற்ற கடையில திருப்பிக் கேளுங்க. முடியலைன்னா வனத்துறை அலுவலகத்துல ஒப்படைங்க. கேள்வி கேட்பாங்களோன்னு பயந்து ராத்திரியோட ராத்திரியா குளத்துல போடுறதுதான் எல்லாத்தையும்விட மோசம். கூச்சம் ஒரு நாள். குளத்துக்குள்ள போன புழு நம்ம பேரன் காலத்துக்கும் இருக்கும்.

36/
ஆயாகிட்ட எல்லாம் சொல்லி முடிச்சப்புறம் அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இம்மாந்தூரத்துல இருந்து இது எப்படிம்மா நம்ம ஏரிக்கு வந்துச்சு? யார் கொண்டாந்து வுட்டா?"

பொதுவா ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். முடியலை. "என்ன மாதிரி ஒருத்தங்கதான் ஆயா. நானே ஒண்ணு விட்டிருக்கேன். இந்தப் பக்கம்தான். பாவம்னு நினைச்சு விட்டேன்"னேன்.

37/
கோபப்படுவாங்கன்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் வாளியையே பார்த்துட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "நீங்க அதைப் பாவம்னு வுட்டீங்க. நாங்க அந்தத் தண்ணியிலதானேம்மா நாள் முச்சூடும் உட்கார்ந்திருக்கோம்."

அதுல குத்தல் இல்லை. சும்மா ஒரு தகவல் மாதிரிதான் சொன்னாங்க. கலங்கல் வழியா அந்த ஏரித் தண்ணி மழைக்காலத்துல எங்கே போகும்னு அவங்களுக்குத் தெரியும். காரில் வந்து விட்டுட்டுப் போன எனக்கு அன்னைக்கு அது தோணவே இல்லை.

38/
ஆமையை வனத்துறைக்காரங்க வந்து வாங்கிட்டுப் போனாங்க. பேரன் அழுதான். அவனுக்கு ஒரு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன், பெரிசா ஈடாகலை. என் மகளுக்கு இப்போ விவரம் தெரியுற வயசு. அந்தப் பழைய போட்டோவை எடுத்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "அப்போ அது அங்கேயே முட்டை போட்டிருக்குமாம்மா?"ன்னு கேட்டா.

39/
அதனால இப்போ கிளினிக்ல கடமைக்குன்னு கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியை முதல்ல கேட்கிறேன். "வீட்ல என்ன வளர்க்கிறீங்க?" இறால் தடவுறவங்ககிட்ட இன்னொண்ணும் சேர்த்துக் கேட்கிறேன்: "கண்ணுக்குப் பின்னால குங்குமம் வச்ச மாதிரி ஆமை எங்கேயாவது பார்த்தீங்களா?" பார்த்தா தண்ணியில திரும்ப விடாம எனக்குச் சொல்லி அனுப்பச் சொல்லியிருக்கேன். இதுவரைக்கும் ரெண்டாவது ஆமை வரலை. வரக்கூடாதுன்னு வேண்டிக்கிறேன்.

40/
இதைப் படிக்கிற உங்க வீட்டுத் தொட்டியில, பால்கனி டப்புல ஒரு குட்டி ஆமை இருக்கலாம். உங்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. நானும் அதே கடையில நின்னவதான். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். எந்தத் தண்ணியில அதை விடலாம்னு யோசிக்கும்போது, அந்தத் தண்ணியில தினமும் கை விடுறவங்க யாருன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க.

தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க. போய்க் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க.